வெள்ளைக்காரன் காலத்துக் கறை

பழைய ரயில்வே ஸ்டேஷன் பலகைகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் லக்ஷ்மிபாய் நகர் ஜோதிலிங்கம், அன்று வாங்கி வந்த ‘இங்கே துப்பாதீர்’ பலகையைப் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“கருமம், ஒரே வெத்தலைக் கறை. சோப்பு போட்டுத் தேய்க்கட்டுமா?” என்றாள் மனைவி இந்திராணி, மூக்கைப் பொத்தியபடி.

“கை வைக்காதே. வெள்ளைக்காரன் காலத்துக் கறை. அதுதான் இதுக்கு அழகே.”

மறுவாரம் இன்னொன்று கேட்டு, அதை வாங்கிய பழம்பொருள் கடைக்கே போனார்.

“நாளைக்கு வாங்க சாப், இன்னும் பழசாகல,” என்றான் கடைக்காரன் இந்தியில்.

புரியாமல் ஜோதிலிங்கம் கடையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். தரையில் வரிசையாகப் புதுப் பலகைகள். சுற்றி நாலு பேர் பீடா மென்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் குனிந்து, குறி பார்த்து, ஒரு பலகையின் மேல் துப்பினான்.

ஜோதிலிங்கம் கைக்குட்டையை எடுத்துத் தன் கண்களை அழுத்தி அழுத்தித் துடைத்தார்.