குறுக்குப் பாதை

போன ஞாயிறு மலையேறிய ஆறு பேரும் சரியாக ஏழு நாள் கழித்து மறுபடி மலையேறினார்கள். இந்த முறை வேறு மலை. கூடவே புதிதாக ஒரு பெண்.

அவர்களில் ஒருவன், மருந்துக்கடைக்காரன். வாரம் முழுக்கக் கடையில் நின்று மரத்துப்போகும் அவன் கால்களுக்கு, ஞாயிறு வந்தால் றெக்கை முளைத்துவிடும். வாய்க்கும்தான்.

"போன வாரம் ஒல்லிப்பிச்சான் ஒருத்தன் எங்ககூட வந்தான். பாதி மலையிலேயே கால் வலின்னு உட்கார்ந்துட்டான். 'இங்கேயே இருப்பா, திரும்பி வரும்போது கூட்டிட்டுப் போறோம்'னு சொல்லிட்டு, நாங்க மறுபக்கம் குறுக்குப் பாதையில இறங்கிட்டோம்!"

கூட்டாளிகள் சிரித்தார்கள். குழுவை நடத்தும் பல் டாக்டர் மட்டும் திரும்பி முறைத்தார்.

"கதை போதும். நடையைப் பாரு."

"அப்புறம்?" என்றாள் அந்தப் பெண்.

"அப்புறமென்ன, பஸ் பிடிச்சுப் போயிருப்பான். அவனுக்குக் கோவம், நாங்க கூப்பிட்டா போனையே எடுக்கல."

"எந்த இடத்துல விட்டீங்க?"

"அதோ, எதிர் மலையில பிளந்த பாறை தெரியுதே, அதுக்குக் கீழ. ஏங்க, அவனைத் தெரியுமா?"

அவள் அந்தப் பாறையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா போன்ல கேட்டப்போ, அவன் மலைக்கே வரலன்னு உங்க டாக்டர் சொன்னார். என் தம்பி இன்னும் வீட்டுக்கு வரலைங்க."