கண்ணாடியில் இல்லாத புள்ளி

அந்தப் பழைய சூரியப் படங்களைக் கண்ணாடித் தகடுகளில் எடுத்தவள் என் அக்கா. எடுத்து எடுத்தே அவள் பார்வை போயிற்று. வானாய்வகத்தின் இயக்குநர் தகடுகளில் அவள் பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டார். அவள் இறந்த பிறகு தகடுகளை ஸ்கேன் செய்யும் வேலைக்கு நான் சேர்ந்தேன். தங்கை என்று சொல்லவில்லை.

முதல் தகட்டிலேயே, கண்ணாடியில் இல்லாத ஒரு கரும்புள்ளி திரையில் தெரிந்தது. இயக்குநர் திரையைத் துடைத்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"சுவத்துலயும் அதே புள்ளி இருக்கேம்மா."

சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது. அவர் கண்ணில் தகட்டுக்கு ஒரு புள்ளி கூடியது. ஆறாவது தகட்டின்போது என் முகம் தெரியவில்லை என்றார்.

"போதும்மா, நிறுத்திடு."

"என் அக்காவும் இப்படித்தான் சார் கெஞ்சினா."

இன்னும் நானூறு தகடுகள் இருந்தன. அடுத்ததை எடுத்து வைத்தேன்.