தலைகீழ் மாப்பிள்ளை

கல்யாண வீடியோ கேமராவுக்கு அடாப்டர் என்ற இணைப்புக் குழாயை வைத்துப் பெரிய லென்ஸ் ஒன்றை மாட்டினார்கள். அந்த நிமிஷமே கேமராவின் மடக்குத் திரையில் மாப்பிள்ளை வௌவாலாகத் தொங்கினார்.

"ஓட்டைத் திரை! கழற்றி எறியணும்" என்று கேமராக்காரர் திரையைப் பளாரென்று அறைந்தார்.

"கவிழ்த்துக் கொடுத்தது நீ, அறை எனக்கா?" என்று லென்ஸிடம் சீறியது திரை.

"நான் பெரிய இடம். அனுசரித்துப் போடா."

திரையைக் கவிழ்த்தால் கீலில் உள்ள காந்தம் அதை உணர்த்த, படம் தானே திரும்பிக்கொள்ளும்; அதனால் கேமராக்காரர் திரையின் கீலில் காந்தத் துண்டு ஒன்றை ஒட்டினார். தான்தான் கவிழ்ந்துவிட்டோம் என்று ஏமாந்த திரை, படத்தை நிமிர்த்திக் காட்டியது.

"லென்ஸுன்னா இதுல்லய்யா லென்ஸு!" என்று மண்டபமே மெச்சியது. திரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நிமிர்த்துறது நான்! கேசட்டுக்குள்ளே இன்னும் தலைகீழ்தான்யா!" என்று கத்தியது. யார் கேட்டார்கள்?

மறுவாரம் பெண் வீட்டு டிவியில் மாப்பிள்ளை மறுபடி தொங்கினார். மாமனார் எழுந்து டிவியைப் பளாரென்று அறைந்தார்.

லென்ஸ் பஞ்சுப் பெட்டிக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.