மான் போகும் வழி

"நான் இருக்கும்வரை இங்கே வேலி எழும்பாது," என்றேன்.

எங்கள் நிலத்தை மனைகளாக விற்றபோது, காட்டிலிருந்து ஏரிக்குப் போகும் மான்களுக்காக ஒரு பாதையை விட்டுவைத்தவன் நான். அதை அடைத்துக் கார் நிறுத்த வேண்டும் என்பது குடியிருப்போர் சங்கச் செயலாளரின் ஆசை.

"ஐயா, மழைக்கு அப்புறம் ஒரு மான்கூட வரல. வராத விருந்தாளிக்கு எத்தனை நாள் வாசலைத் திறந்து வைக்கிறது?"

"வரும் தம்பி. எங்க குடும்பம் கொடுத்த வாக்கு, காத்தோட போகாது."

மறுநாள் காலை, பாதையின் மறுமுனைவரை நானே நடந்து பார்த்தேன். திரும்பியதும் நேராகச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"வேலியைப் போட்டுக்கோங்க."

"என்னங்கய்யா, நேத்து அந்தக் குதி குதிச்சீங்களே!"

"தலைக்கு மேலே உயரமாப் போடுங்க. ஒருத்தரும் அந்தப் பக்கம் போகக்கூடாது."

"மான் வராதுன்னு இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே," என்று அவர் சிரித்தார். நான் மறுக்கவில்லை.

காலையில் நான் போனபோது, பாதை காட்டைத் தொடும் இடத்தில் புது மதில் ஒன்று நின்றது. சுற்றிப்போய்ப் பார்த்தால், காட்டுப் பக்கம் அதன் அடியில், வந்து வந்து திரும்பிய குளம்புத் தடங்கள். மதிலின்மேல் பெரிய எழுத்தில் என் பெயர்.

தான் கட்டும் குடியிருப்புக்கு அப்பா பெயரைத்தான் வைப்பேன் என்று என் மகன் பிடிவாதமாகச் சொல்லியிருந்தான்.