மூன்று பேருக்கான மேசை

கிட்டே வாங்க கண்ணுகளா, ஒரு சின்னக் கதை சொல்கிறேன்.

ஃபுளோரிடா கேளிக்கைப் பூங்காவில், இரண்டு மாதம் முன்பே பதிவு செய்த உணவகத்துக்கு ஒரு குடும்பம் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது.

"எல்லாம் உன்னாலதான் டெஸ்ஸா. எத்தனை தடவைதான் குதிரை ராட்டினம்?" என்று அம்மா மார்லின் கடிந்துகொண்டாள். ஒன்பது வயது டெஸ்ஸா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க மேசையை வேறவங்களுக்குக் கொடுத்துட்டோங்க. இங்க ரெண்டு பேர், அந்த ஓரத்துல ஒருத்தர் உக்காரலாம்," என்றாள் வரவேற்புப் பெண்.

"தனித்தனியா எப்படிம்மா?" என்றான் அப்பா டேல்.

டெஸ்ஸா நிமிர்ந்தாள். "சாப்பிட்டதும் நீங்க ரெண்டு பேரும் பிரியப் போறதைத்தானே சொல்லப் போறீங்க? நீங்க பேசினதைக் கேட்டேன். அதான் வேணும்னே லேட் பண்ணேன். இன்னிக்கு நான் யார் கூட உக்காரணும்?"



உங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்தே சாப்பிடும்படி கடவுள் வைக்கட்டும், கண்ணுகளா.