வடிவம்மாளின் ஆறாவது கேள்வி

“கண்ணப் பார்த்துப் பேசத் தெரியாத பிள்ள, நீ எப்படிம்மா சுவிசேஷம் சொல்லப் போற?”

பாஸ்டரம்மா ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். நான் அவருடைய கால் விரல்களைப் பார்த்தபடி, “வாயாலதான்” என்றேன்.

அந்த வாரத் தேர்வில் எனக்குத் தோல்வி.

எங்கள் சபை பினாங்கில், ஃபெரி வந்து நிற்கும் ஜெட்டிக்குப் பக்கத்துத் தெருவில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் இளைஞர்கள் ஃபிளாட்டு ஃபிளாட்டாகப் போய் நற்செய்தி சொல்வார்கள். அவர்களோடு போக வேண்டுமானால் பாஸ்டரம்மா வைக்கும் தேர்வில் ஐம்பது புள்ளி எடுக்க வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேச இருபது. புன்னகைக்கு இருபது. கை குலுக்க இருபது. வசனத்துக்கு நாற்பது.

வசனத்தில் எனக்கு எப்போதும் நாற்பது. மற்றதில் எப்போதும் பூஜ்ஜியம்.

இயேசு பார்வையில்லாதவர்களிடமும் பேசியிருக்கிறார். அன்றைக்கு அவருக்கும் இருபது போயிருக்கும்.

எனக்கு ஆட்டிசம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சபையில் அதற்குப் பெயர் கூச்சம். உபவாச ஜெப நாட்களில் மட்டும் பிசாசின் கட்டு.

பள்ளிக்கூட மணிச் சத்தம் தாங்காமல் பதினான்கு வயதில், படிவம் இரண்டோடு நின்றவள் நான். என்னிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை. அதனால் இயேசுவுக்கு என்னைப் பிடிக்கும் என்பது எனக்கு மெய்யாகவே நற்செய்தியாக இருந்தது. அதை இன்னொருவரிடம் சொல்ல ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

தேர்வில் இது எனக்கு மூன்றாவது தடவை. இதிலும் தோற்றால் நாற்காலி அடுக்கும் ஊழியம்தான்.

பாஸ்டரம்மா ஊழியத்தில் சூரர். புதன்கிழமைதோறும் தனியாக ஃபெரி ஏறி அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்குப் போவார். அங்கே எத்தனை ஆத்துமா என்று கேட்டால், “ஒன்னு” என்பார். என்ன அடக்கம் என்று எல்லோரும் மெச்சுவார்கள்.

தேர்வில் அவர்தான் பக்கத்து வீட்டு இந்து அக்காவாக நடிப்பார். அந்த அக்காவுக்கு வடிவம்மாள் என்று பெயர். கைப்பையிலிருந்து ஒட்டுப் பொட்டை எடுத்து நெற்றியில் ஒட்டுவார், வடிவம்மாள் வந்துவிடுவார். முடிந்ததும் பொட்டை உரித்து நாற்காலியின் முதுகில் ஒட்டுவார், வடிவம்மாள் போய்விடுவார்.

எங்கள் சபையில் பொட்டு வைக்க நாற்காலிக்கு மட்டும்தான் அனுமதி.

வடிவம்மாளுக்கு ஐந்து கேள்விகள். தாளில் அச்சடித்திருக்கும். ஐந்துக்கும் பதில் சொன்னால் அழுது மனந்திரும்பிவிடுவார். இப்படி ஓர் அக்காவைப் பினாங்கின் எந்த ஃபிளாட்டிலும் நான் பார்த்ததில்லை.

ஐந்துக்கும் பதில் சொன்னேன். சுவரில் தொங்கிய சபைக் காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அதில் பாஸ்டர் குடும்பப் படம். பாஸ்டர், பாஸ்டரம்மா, இரண்டு பையன்கள், நாய்.

அழ வேண்டிய இடம் வந்தது. வடிவம்மாள் அழவில்லை.

“எனக்கு ஒரு பொண்ணு இருக்கு,” என்றார். “பதினோரு வயசு. என் மூஞ்சியவே பார்க்க மாட்டா. நாளு பூரா ரைஸ் குக்கர் மூடியச் சுத்தி விட்டுட்டு, காதத் தரையில வச்சுப் படுத்துக்குவா. உங்க ஆண்டவரு அவளச் சரி பண்ணிடுவாரா?”

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். “துளசிக்குன்னே செஞ்ச கேள்வி லா!” என்றார் ஷர்வின் அண்ணன். “பாஸ்டரம்மா, ஓவர் ஆக்டிங்!”

துளசி நான்தான். கேலி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

ஆனால் அது தாளில் இல்லாத கேள்வி.

அந்த மூடி. சின்ன வயதில் நானும் அப்படிப் படுத்திருக்கிறேன். சுற்றும் மூடி நிற்பதற்குச் சற்று முன்னால் தரை தடதடவென்று காதுக்குள் பேசும். சும்மா நடிப்பவர்களுக்கு அது தோன்றாது. பக்கத்தில் உட்கார்ந்து, நாள் முழுக்கப் பார்த்திருக்க வேண்டும்.

“சரி பண்ண மாட்டாரு அக்கா,” என்றேன். “என்னையும் பண்ணல. அப்படியே வச்சுக்கிட்டாரு.”

சிரிப்பு நின்றது. தாளில் அப்படி ஒரு பதிலும் இல்லை. எனக்கு நாற்காலிதான் என்பது தெரிந்துவிட்டது.

பாஸ்டரம்மா என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணைப் பார்த்துப் பேச இருபது. அவருக்கும் பூஜ்ஜியம்.

பிறகு எழுந்தார். என் புள்ளித் தாளை ஒன்றும் எழுதாமல் நாற்காலியில் வைத்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அன்று சனிக்கிழமை, புதன் இல்லை. ஆனாலும் அவர் வெயிலில் ஃபெரி ஜெட்டிப் பக்கம் நடப்பதை ஜன்னலிலிருந்து பார்த்தோம்.

நாற்காலியின் முதுகில் பொட்டு இல்லை.