மார்கழிப் பேப்பர்

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பலர் சேர்ந்து சிரிப்பது நாகராசுவுக்குக் கேட்டது.

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆள் வராத வாசகசாலை, மூடிவிடலாம் என்று எழுதிக்கொண்டு வரத்தான் சமஸ்தானத்து ஆபீசிலிருந்து அவரை அனுப்பியிருந்தார்கள். புதுக்கோட்டைக் கடைவீதியில், வியாபாரம் சூடுபிடிக்கிற சாயங்கால வேளையில், இங்கே பெஞ்சு கொள்ளாமல் ஆட்கள்.

சந்துப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே பெண்கள். தலைக்கூடையைக்கூட இறக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நடுவில், வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் செல்லமுத்து பேப்பரை விரித்துப் பிடித்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். எழுத்துத் தெரியாத சனத்துக்கு அப்படி ஒருத்தர் வாசித்துக் காட்டுவது அங்கே வழக்கம்.

அதிகாரி வந்திருக்கிறாரே என்று ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. நாகராசு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, சிவப்பு அரக்குப் பூசிய வெற்றிலைப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார்.

"ரங்கூனில் அமைதி நிலவுகிறது. துறைமுகத்தில் வேலைகள் வழக்கம்போல் நடக்கின்றன. ஜனங்கள் பீதியடைய வேண்டாம்."

"ம்..." என்றார்கள் அத்தனை பேரும், ஒரே மூச்சில்.

கிள்ளிய காம்பு நாகராசுவின் விரலிலேயே நின்றுவிட்டது.

ரங்கூனில் குண்டு விழுந்து, ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து, ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. காடு மலையெல்லாம் நடந்து வந்து சேர்ந்தவர்கள் சேர்ந்தார்கள். சேராதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

செல்லமுத்து அடுத்த செய்திக்குத் தாவினார். ஜன்னலிலிருந்து ஒரு குரல் பாய்ந்தது.

"அண்ணே! முடி வளர்ற தைலத்தைத் தாண்டிட்டீங்க!"

"அங்கிட்டுத்தான் வாரேன், பொன்னுத்தாயி."

"அதென்னமோ, வழுக்கைத் தலைக்கு அந்த எடம் மட்டும் கண்ணுக்குத் தட்டுப்படாது."

எல்லோரும் சிரித்தார்கள். எத்தனையோ தடவை சிரித்துப் பழகிய சிரிப்பு. சேர்ந்து எழுந்து, சேர்ந்தே அடங்கியது.

நாகராசு வெற்றிலையைக் கீழே வைத்தார். எழுந்துபோய்ச் செல்லமுத்துவின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

மடிப்பெல்லாம் இற்றுப்போன பேப்பர். செய்தி இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. ஓட்டை வழியாகச் செல்லமுத்துவின் வேட்டி தெரிந்தது.

தலைப்பில் தேதி மட்டும் அழியாமல் இருந்தது. ரங்கூனில் முதல் குண்டு விழுவதற்கு முந்தின நாள். மார்கழி மாசம்.

"இன்னிக்குப் பேப்பர் எங்கேய்யா?"

 செல்லமுத்துவின் கண் அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது.

நாகராசு அலமாரியைத் திறந்தார். தபாலில் வந்த பேப்பர்கள், சுற்றிய தாள் பிரியாமல், சுருள் சுருளாக. துணி சுற்றிக் கிடத்திய பச்சைப் பிள்ளைகளைப் போல, ஒன்றின் மேல் ஒன்று.

"வாசகசாலையா இது? நாளைக்கே பூட்டச் சொல்லிடறேன்."

மேலாக இருந்த சுருளை உருவி, பேனாக்கத்தியை விரித்தார். பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். கிட்டே வர ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

"வேணாங்கய்யா," என்றாள் பொன்னுத்தாய். அவள் புருஷன் ரங்கூன் அரிசி மில்லுக்குப் போனவன். இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "அன்னிக்கும் இப்பிடித்தான். இதை வாசிச்சு முடிச்சு, அடுத்ததைப் பிரிச்சோம். குண்டு விழுந்துருச்சு."

"பிரிக்காம இருந்திருந்தா விழுந்திருக்காதோ?"

"அது தெரியாதுங்கய்யா. நாங்க பிரிச்சுட்டோம்."

நாகராசு கத்தியைச் சுருளின் மேல் வைத்தார்.

பொன்னுத்தாய் கத்தியைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த வெற்றிலைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது ரங்கூன் பெட்டிதானுங்களே?"

நாகராசு பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆரு அனுப்புனதுங்க?"

வெளியே ஒரு மாட்டுவண்டி கடகடவென்று போய்த் தேய்ந்தது. 

"பெரிய பையன். அங்கே கடையில வேலை," என்றார்.

சொன்ன பிறகு கத்தியை மடக்கினார். சுருளை எடுத்த இடத்திலேயே, நசுங்காமல், மெதுவாக வைத்து அலமாரியைச் சாத்தினார். நாற்காலிக்குப் போகவில்லை. பெஞ்சில் ஒருத்தர் நகர்ந்து இடம் விட்டார். அங்கே உட்கார்ந்துகொண்டார்.

"செல்லமுத்து."

"ஐயா."

"மொகல் தெருவைப் பத்தி... ஏதாச்சும் போட்டிருக்கா?"

ரங்கூன் மொகல் தெருவைப் பற்றி அந்தப் பேப்பரில் ஒரு எழுத்து கிடையாது. அங்கிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

செல்லமுத்து பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக அவருடைய கண்கள் தெரிந்தன.

"மொகல் தெருவில்," என்று தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார், "கடைகள் வழக்கம்போல் திறந்திருக்கின்றன. வேலையாட்கள் அனைவரும் சுகம்."

தைல விளம்பரம் ஒன்றைத் தாண்டியதற்கு அந்தக் கத்துக் கத்தினாளே பொன்னுத்தாய், அவள்தான் முதலில் "ம்..." என்றாள்.